பாசறைக்கு ஒரு 12 வோல்ற்று மின்சுற்று

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம் – மின்னியல்: பிரயோகப் பாடம்

மாணவர்களே, ஓமின் விதி, மின்வலு, மின்சக்தி, கடத்தியின் தடை என்பவற்றை நீங்கள் வெவ்வேறு பாடங்களாகக் கற்றிருப்பீர்கள். வினாத்தாளில் இவை ஒரே வினாவுக்குள் சேர்ந்து வரும்போது பலர் தடுமாறுகின்றனர். எனவே இவை யாவும் ஒன்றாகத் தேவைப்படும் ஒரு சந்தர்ப்பத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலையைக் கடந்தால் பாதை பிட்டவல பத்தனையின் புல்வெளியையும் இலுக்கும்புரவையும் நோக்கி இறங்கும். உங்கள் பாடசாலைச் சாரணர் குழு உரிய அனுமதியுடன் அப்பகுதியில் இரண்டு இரவுகள் பாசறை அமைக்கப் போகிறது எனக் கொள்வோம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் வனம், 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். காய்ந்த புல்லும் பலத்த காற்றும் உள்ள இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கை எரிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒரு மின்கலவடுக்கை, அதாவது நாம் வழக்கில் பற்றரி என்று சொல்வதை, கொண்டு சென்று கூடாரங்களுக்கு ஒளியூட்ட வேண்டும்.

இது புதிய வேலையன்று. மின்வழங்கல் எட்டாத இலங்கைக் கிராமங்களில் மோட்டார் வாகன மின்கலவடுக்கினால் தொலைக்காட்சி பார்த்த காலம் ஒன்று இருந்தது. மின்னிறங்கிய மின்கலவடுக்கைச் சைக்கிளிலோ பஸ்ஸிலோ ஏற்றி நகரத்துக் கடைக்குக் கொண்டு சென்று மின்னேற்றி வருவார்கள். பின்னர் உலக வங்கியின் உதவியுடன் 1997 இல் தொடங்கிய திட்டத்தின் மூலமும், அதைத் தொடர்ந்து 2002 முதல் 2011 வரை நடந்த திட்டத்தின் மூலமும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சூரியப்படல், மின்கலவடுக்கு, சில விளக்குகள் கொண்ட 12 வோல்ற்றுத் தொகுதிகளைப் பெற்றன. இன்று ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் 230 வோல்ற்று மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் அவ்வீடுகளில் பயன்பட்ட அதே சுற்றுத்தான் நமது பாசறைக்கும் தேவை.

முதலில் மின்கலவடுக்கு

ஈய–அமிலச் சேமிப்புக் கலம் ஒன்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ற்று. ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்படுவதால் 12 வோல்ற்று கிடைக்கிறது. பஸ், லொறி ஆகியவற்றில் இவ்வாறான இரண்டு மின்கலவடுக்குகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற்று பெறப்படும். ஆகவே பாசறைக்கு லொறியில் செல்பவர்கள் அதன் மின்தொகுதியில் 12 வோல்ற்று விளக்கை நேரடியாக இணைத்தல் கூடாது.

நேர்த்தகடு ஈயவீரொட்சைட்டு, மறைத்தகடு ஈயம், மின்பகுபொருள் ஐதான சல்பூரிக்கமிலம் என்பது உங்களுக்குத் தெரியும். மின்னிறங்கும்போது இரு தகடுகளிலும் ஈயசல்பேற்று உண்டாகி அமிலம் மேலும் ஐதாகும். நீரமானியால் பார்த்தால் முழுமையாக மின்னேற்றிய நிலையில் சாரடர்த்தி 1.28 அளவிலிருக்கும், மின்னிறங்க இறங்க அது குறையும். நீரமானி இல்லாவிடின் வோல்ற்றுமானி போதும். சுமை எதுவும் இணைக்காது சிறிது நேரம் வைத்தபின் 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 அளவில் காட்டினால் பாதிதான் மீதம்.

அந்தப் பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வாகன மின்கலவடுக்கின் தகடுகள் மெல்லியவை. இயந்திரத்தைத் தொடக்கும் சில வினாடிகளுக்கு நூறு அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைக் கொடுப்பதற்காகவே அவை அவ்வாறு செய்யப்படுகின்றன. முழுவதும் மின்னிறக்கி அப்படியே விட்டால் ஈயசல்பேற்று கடினமான பளிங்குகளாகித் தகட்டில் படிந்துவிடும். பின்பு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. குழுவை ஏற்றிவந்த வாகனத்தின் மின்கலவடுக்கையே விளக்குகளுக்கும் பயன்படுத்துவது இன்னும் மோசம். குளிர் காலையில் வாகனம் இயங்க மறுத்தால் அந்த மலைப்பாதையில் உதவி தேடுவது இலகுவானதல்ல. தனியான மின்கலவடுக்கு ஒன்றைக் கொண்டு செல்லுங்கள்.

எவ்வளவு சக்தி வேண்டும்?

கடையில் மின்கலவடுக்கின் மேல் 12 வோல்ற்று, 60 அம்பியர் மணித்தியாலம் என எழுதியிருக்கும். இது 60 அம்பியர் மின்னோட்டத்தைத் தரும் மின்கலவடுக்கு என எழுதும் மாணவர்கள் உள்ளனர். அது தவறு. அம்பியர் மணித்தியாலம் என்பது ஏற்றத்தின் அலகு. 60 அம்பியர் × 3600 செக்கன் = 216 000 கூலோம் என்பதே அதன் பொருள். அதை 12 வோல்ற்றினால் பெருக்கினால் 720 வாற்று மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ 2.6 மெகாயூல் சக்தி. மேலே கூறியபடி அதில் பாதியான 360 வாற்று மணித்தியாலத்தையே நாம் செலவிடலாம்.

இனி ஓர் இரவுக்கான தேவையைக் கணிப்போம். 5 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் மூன்று, 5 மணித்தியாலம்: 75 வாற்று மணித்தியாலம். 5 வாற்றில் மின்னேறும் கையடக்கத் தொலைபேசிகள் நான்கு, 3 மணித்தியாலம்: 60. 5 வாற்று வானொலி 4 மணித்தியாலம்: 20. கழிப்பிடப் பாதைக்கு 2 வாற்றுச் சிறுவிளக்கு இரவு முழுவதும் 10 மணித்தியாலம்: 20. மொத்தம் 175. இரண்டு இரவுகளுக்கு 350 வாற்று மணித்தியாலம். நம்மிடம் இருப்பது 360. மட்டுமட்டாகத்தான் போதும், யாராவது ஒருவர் விளக்கை விடியும்வரை எரியவிட்டால் போதாது.

இந்த 5 வாற்று எல்.ஈ.டி. விளக்குகளுக்குப் பதிலாக வாகனத்தின் பின்புறச் சிவப்பு விளக்கிலுள்ள 21 வாற்று இழைக்குமிழ்கள் மூன்றைப் பொருத்தினால் 63 × 5 = 315 வாற்று மணித்தியாலம். இரண்டு இரவுகளுக்கென வைத்த சக்தி ஏறத்தாழ முழுவதும் ஒரே இரவில் விளக்குகளுக்கு மாத்திரம் தீர்ந்துவிடும். இழைக்குமிழில் மின்சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது என்னும் பாடப்புத்தக வசனத்தின் நடைமுறைப் பொருள் இதுவே.

சோறு சமைக்கும் மின்கலத்தை நேர்மாற்றி ஒன்றின் மூலம் இணைக்கலாமா எனச் சிலர் கேட்பதுண்டு. 600 வாற்றுக்கு 12 வோல்ற்றில் 50 அம்பியர் தேவை. நேர்மாற்றியின் விரயத்தைக் கணக்கிடாவிட்டாலும் அரை மணித்தியாலத்தில் 300 வாற்று மணித்தியாலம் போய்விடும். வெப்பம் தரும் உபகரணங்கள் பாசறை மின்சுற்றுக்கு உரியவையல்ல.

கம்பியில் மறையும் வோல்ற்று

வீட்டு மின்சுற்றில் யாரும் பொருட்படுத்தாத ஒரு கணியம், 12 வோல்ற்றுச் சுற்றில் மிக முக்கியமானதாகிறது. அது இணைப்புக் கம்பியின் தடை.

வன்பொருட் கடையில் வீட்டு விளக்குச் சுற்றுக்கு 1/1.13 என்னும் வயரையும், செருகிச் சுற்றுக்கு 7/0.67 என்னும் வயரையும் தருவார்கள். முதலாவது எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது ஓர் இழையின் விட்டம், மில்லிமீற்றரில். வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைப் பயன்படுத்திப் பாருங்கள்: முதலாவதன் குறுக்குவெட்டுப் பரப்பு 1 சதுர மில்லிமீற்றர், இரண்டாவதன் பரப்பு ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர் என வரும். செம்பின் தடைத்திறன் 1.7 × 10⁻⁸ ஓம் மீற்றர். ஆகவே 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியின் ஒரு மீற்றருக்கு 0.017 ஓம் தடை உண்டு.

மின்கலவடுக்கிலிருந்து கூடாரம் 15 மீற்றர் தூரத்தில் உள்ளது எனக் கொள்வோம். மின்னோட்டம் போகவும் திரும்பி வரவும் வேண்டும் என்பதால் கம்பியின் நீளம் 30 மீற்றர். (வினாத்தாளில் அதிகமானோர் புள்ளிகளை இழப்பது இந்த இரட்டிப்பை மறப்பதனாலேயே.) தடை 30 × 0.017 = 0.51 ஓம். எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் இயங்கினால் மொத்த வலு 15 + 20 + 5 + 2 = 42 வாற்று; மின்னோட்டம் 42 ÷ 12 = 3.5 அம்பியர். கம்பியில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி 3.5 × 0.51 = ஏறத்தாழ 1.8 வோல்ற்று. கூடாரத்துக்குக் கிடைப்பது 10.2 வோல்ற்று மாத்திரமே. விளக்கு மங்கும், தொலைபேசி மின்னேறாமலும் போகலாம். மின்கலவடுக்கில் குறைபாடு உண்டு என எண்ணிக் கடைக்காரருடன் சண்டைக்குப் போவதற்கு முன் கம்பியின் நீளத்தை அளந்து பார்ப்பது நல்லது.

தடித்த 7/0.67 வயரைப் பயன்படுத்தினால் வீழ்ச்சி 0.7 வோல்ற்றாகக் குறையும். ஆனால் அதைவிடச் செலவில்லாத வழி, மின்கலவடுக்கைக் கூடாரத்துக்கு 5 மீற்றர் தூரத்துக்குக் கொண்டு வருவது. அப்போது மெல்லிய வயரிலேயே வீழ்ச்சி 0.6 வோல்ற்றுத்தான். வயரைத் தெரிவு செய்யும்போது ஒற்றை இழை வயரைத் தவிருங்கள். அடிக்கடி சுருட்டி விரிக்கும்போது அது காவலிக்கு உள்ளேயே முறிந்துவிடும்; அதே பரப்புள்ள பல்லிழை வயர் வளைந்துகொடுக்கும்.

இதே 42 வாற்றை 230 வோல்ற்றில் அனுப்பினால் மின்னோட்டம் 0.18 அம்பியர், கம்பியில் வீழ்ச்சி 0.1 வோல்ற்றுக்கும் குறைவு. அழுத்தம் ஏறத்தாழ 19 மடங்கானால் மின்னோட்டம் 19 இல் ஒரு பங்காகும். கம்பியில் வெப்பமாக விரயமாகும் வலு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால் 360 இல் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலைக்குள் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் வந்து உக்குவெலை மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. 1976 இல் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. அங்கு பிறப்பிக்கப்படும் மின்சாரம் நிலைமாற்றியினால் 132 000 வோல்ற்றுக்கு உயர்த்தப்பட்டே தூர இடங்களுக்கு அனுப்பப்படுகிறது. பாசறையில் 15 மீற்றருக்குள் நாம் படும் பாட்டை நினைத்தால் அதன் காரணம் தானாகவே விளங்கும்.

12 வோல்ற்று ஆபத்தற்றதா?

வறண்ட தோலின் தடையை 10 000 ஓம் எனக் கொண்டால், 12 வோல்ற்றில் உடலினூடாகப் பாயும் மின்னோட்டம் 1.2 மில்லியம்பியர். அதே தடைக்கு 230 வோல்ற்றில் 23 மில்லியம்பியர். தசைகள் இறுகிப் பிடித்த கையை விடுவிக்க முடியாமற் போகும் அளவு அது. இவ்வளவில் நிறுத்திக்கொண்டு, 12 வோல்ற்றினால் தீங்கில்லை என முடிவு செய்வது பெரும் தவறு. மின்கலவடுக்கின் ஆபத்து மின்னதிர்ச்சி அல்ல. தீ.

ஒரு கணிப்பைப் பாருங்கள். மின்கலவடுக்கிலிருந்து 2 மீற்றர் தூரத்தில் வயரின் மீது ஒரு கல் விழுந்து, காவலி நசுங்கி இரு கடத்திகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. 1 சதுர மில்லிமீற்றர் கம்பி 4 மீற்றர் நீளம், தடை 0.068 ஓம். மின்கலவடுக்கின் அகத்தடை 0.01 ஓம் எனக் கொள்வோம். மின்னோட்டம் 12 ÷ 0.078 = ஏறத்தாழ 154 அம்பியர். கம்பியில் வெப்பமாகும் வலு 154 × 154 × 0.068 = ஏறத்தாழ 1600 வாற்று. ஒரு மின்கேத்தலின் வலு இது. கேத்தலில் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட நீர் இருக்கிறது. இங்கு இருப்பதோ 4 மீற்றர் செப்புக் கம்பி. அதன் திணிவு 0.036 கிலோகிராம். செம்பின் தன்வெப்பக் கொள்ளளவை 400 எனக் கொண்டால், அதன் வெப்பநிலையை 1 பாகை உயர்த்த 14.4 யூல் போதும். 1600 ஐ 14.4 இனால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு செக்கனிலும் 100 பாகை செல்சியசுக்கும் அதிகமாக வெப்பநிலை உயரும். யாராவது ஓடிவந்து கழற்றுவதற்குள் பிளாத்திக்குக் காவலி உருகி எரியத் தொடங்கிவிடும். அந்த வயர் நைலோன் கூடாரத்தின் துணியோடு ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே பிள்ளைகள் உறங்குகிறார்கள்.

இதைத் தடுப்பது ஒரு சிறிய உருகி. அது இருக்க வேண்டிய இடம் மின்கலவடுக்கின் நேர் முடிவிடத்துக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்துக்குள். கூடாரத்தின் பக்கம் உருகியைப் பொருத்தினால் அதற்கு முன்னுள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை. உருகி விளக்கைப் பாதுகாக்கிறது எனப் பலர் எழுதுவர். இச்சுற்றில் அது முதன்மையாகப் பாதுகாப்பது கம்பியையே. நமது மின்னோட்டம் 3.5 அம்பியர் என்பதால் 5 அம்பியர் உருகி பொருத்தமானது. மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் விற்கும் தட்டை உருகிகளில் 5 அம்பியர் இளம் மண்ணிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. மேலதிகமாக இரண்டு 5 அம்பியர் உருகிகளை எடுத்துச் செல்லுங்கள். உருகி அறுந்துவிட்டால் காரணத்தைக் கண்டுபிடியாமல் புதியதை இடக்கூடாது. ரொபித் தாளையோ செப்பு இழையையோ சுற்றி வேலையை முடிப்பதைவிட இரவை இருட்டில் கழிப்பது மேல்.

வாகனத்தில் பொருத்திய மின்கலவடுக்கைக் கழற்றும்போது மறை முடிவிடத்தை முதலில் கழற்ற வேண்டும். வாகனத்தின் உடல் மறை முடிவிடத்துடன் இணைந்திருப்பதால், நேர் முடிவிடத்தில் வைத்த சாவி உடலில் பட்டால் குறுக்குச்சுற்றாகும். மீண்டும் பொருத்தும்போது நேர் முடிவிடம் முதலில். மின்னேறும்போது ஐதரசனும் ஒட்சிசனும் வெளியேறுவதால் மின்கலவடுக்கைக் கூடாரத்துக்குள் வைத்தல் ஆகாது. மழை படாத, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், நிமிர்ந்த நிலையில், சுவாலைக்குத் தூரமாக வைக்கவும்.

சூரியப்படல் சேர்த்தால்

50 வாற்றுப் படல் ஒன்று, நல்ல வெயிலுக்குச் சமமான 4 மணித்தியாலம் பெற்றால் 200 வாற்று மணித்தியாலம்; விரயம் போக 160 அளவில் மிஞ்சும். ஓர் இரவின் தேவையான 175 க்கு அது நெருங்கி வருகிறது. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ரிவர்ஸ்டன் பக்கம் மூடுபனி நாள் முழுவதும் கலையாமல் நிற்கக்கூடும். டிசம்பர் விடுமுறைப் பாசறைக்குப் படலை நம்பிச் சிறிய மின்கலவடுக்கைக் கொண்டுபோவது புத்திசாலித்தனமல்ல.

வழமையான 12 வோல்ற்றுப் படலில் 36 சிலிக்கன் கலங்கள் தொடராக உள்ளன. ஒவ்வொன்றும் 0.5 வோல்ற்று வீதம் 18 வோல்ற்று வரும். இதனால் மிகையாக மின்னேறாதபடி மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்று இடையில் தேவை. இரவில் மின்கலவடுக்கிலிருந்து படலுக்கு மின்னோட்டம் திரும்பாமல் தடுப்பதும் அதுவே; தனித்த சுற்றாயின் அவ்வேலையை ஓர் இருவாயி செய்யும். கட்டுப்படுத்தியுடன் மின்கலவடுக்கை முதலில் இணைத்துப் பின்னரே படலை இணைக்கவும். கலங்கள் தொடராக இருப்பதால் ஒரு கலத்தின் மீது மரநிழல் விழுந்தாலும் படலின் பயப்பு வெகுவாகக் குறையும். காலையில் வைத்த இடத்திலேயே மாலைவரை விட்டுவிடாதீர்கள்.

மாதிரி வினா

12 வோல்ற்று, 24 வாற்று விளக்கு ஒன்று, 12 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிகளால் இணைக்கப்பட்டுள்ளது. ஒரு மீற்றர் கம்பியின் தடை 0.017 ஓம்.
(அ) விளக்கின் மின்னோட்டம் யாது?
(ஆ) கம்பிகளின் மொத்தத் தடை யாது?
(இ) அம்மின்னோட்டம் பாயும்போது கம்பிகளில் அழுத்த வீழ்ச்சி யாது?
(ஈ) 1, 5, 30 அம்பியர் உருகிகளுள் எது பொருத்தமானது? 30 அம்பியர் உருகி ஏன் பொருத்தமற்றது?

விடை
(அ) 24 ÷ 12 = 2 அம்பியர்.
(ஆ) 20 மீற்றர் × 0.017 = 0.34 ஓம்.
(இ) 2 × 0.34 = 0.68 வோல்ற்று.
(ஈ) 5 அம்பியர் உருகி. 1 அம்பியர் உருகி விளக்கின் வழமையான மின்னோட்டத்திலேயே அறுந்துவிடும். விளக்கின் அருகில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால், அகத்தடை 0.01 ஓம் எனக் கொள்ளும்போது மின்னோட்டம் 12 ÷ 0.35 = ஏறத்தாழ 34 அம்பியர். இது 30 ஐச் சற்றே விஞ்சுவதால் அந்த உருகி உடனே அறாது. அதற்குள் கம்பி ஆபத்தான அளவுக்குச் சூடாகிவிடும்.